பெங்களூர் ஜலமண்டலி: கட்டணம் ஏறிய பிறகு ஒரு ரிவ்யூ

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். பெங்களூர் ஜலமண்டலி, அதாவது இந்த நகரத்தின் குடிநீர், கழிவுநீர் வாரியம், கொடுக்கும் தண்ணீருக்கு 5-க்கு 4. நம் வீட்டிலிருந்து வெளியே போகிற கழிவுநீரை இந்த நகரம் கையாளும் விதத்துக்கு 5-க்கு 2. 2025 ஏப்ரலில் ஏற்றினார்களே அந்தக் கட்டணம் நியாயமா என்று கேட்டால், நியாயம்தான். பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்க வேண்டியதைச் சும்மா விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றியதுதான் தப்பு.

இதைச் சொன்னால் தெருவில் யாருக்கும் பிடிப்பதில்லை, அதுவும் புரிகிறது. அந்த வருடம் பிப்ரவரியில் மெட்ரோ டிக்கெட் ஏறியது, ஏப்ரல் 1-ல் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது, குப்பைக்குத் தனிக் கட்டணம் வந்தது, அதற்கு மேல் தண்ணீரும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. ஆனால் இந்த நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுவது சரியில்லை. பாலும் மெட்ரோவும் வேறு கதை. தண்ணீர்க் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தண்ணீர் கொண்டுவரும் பெருநகரம் இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

நான் அல்சூரில் இருக்கிறேன். பழைய தெரு, பழைய கனெக்‌ஷன். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வால்வ்மேன் நீளமான இரும்புச் சாவியோடு வந்து தெருமுனை வால்வைத் திருப்புவார். கொஞ்ச நேரத்தில் சம்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அது நிரம்பினால் மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தண்ணீர் நல்ல தண்ணீர். துவரம்பருப்பு சீக்கிரம் வேகும், காபியில் உப்புக் கரிக்காது, குளித்தால் சோப்பு நுரைக்கும். ஊரின் கிழக்கு ஓரத்தில் வர்த்தூர் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டில் ரொம்ப நாளாக போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். அங்கே பாத்ரூம் குழாயைச் சுற்றி வெள்ளையாகக் காரை கட்டியிருக்கும், கெட்டிலின் அடியில் ஒரு படலம் படிந்திருக்கும், தலைமுடி கொட்டுகிறது என்று அவள் புலம்பாத நாளில்லை. நான் 4 மார்க் போட்டதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். அந்த ஐந்தாவது மார்க்கைத் தினமும் தண்ணீர் விட்டால் போடலாம்.

சரி, இது எங்கிருந்து வருகிறது? சிவனசமுத்திரம் பக்கம் காவேரியிலிருந்து எடுத்து, தொரெகாடனஹள்ளியில் சுத்தம் செய்து, அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் அனுப்புகிறார்கள். தூரம்கூடப் பெரிய விஷயமில்லை, ஏற்றம்தான் விஷயம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஊர், ஆறோ கீழே பள்ளத்தில் ஓடுகிறது. தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடத்தில் பம்ப் வைத்து, மொத்தத்தில் சுமார் 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. சென்னைக்கு வீராணத்திலிருந்து வருகிற தண்ணீருக்கு இப்படி மலையேறுகிற வேலை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூட ஃபிசிக்ஸ் போதும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 500 மீட்டர் தூக்க, பம்ப்பிலும் மோட்டாரிலும் வீணாவதையும் சேர்த்தால், கிட்டத்தட்ட 2 யூனிட் கரண்ட் ஆகும். யூனிட் 5 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 10 ரூபாய். 2014-ல் வைத்த கட்டணத்தில் ஒரு வீட்டின் முதல் 8 ஆயிரம் லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் விலை என்ன தெரியுமா? 7 ரூபாய். அதாவது தூக்கிக் கொண்டுவரும் கரண்ட் செலவுக்கே அது காணாது. சுத்தம் செய்யும் செலவு, குளோரின், ஆள் சம்பளம், குழாய் ரிப்பேர், வெளியே போகும் கழிவுநீரைச் சுத்தம் செய்வது என எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வருவதற்கு முன் நகரத்துக்கு நாளொன்றுக்கு வந்தது 145 கோடி லிட்டர். என் கணக்குப்படி அதைத் தூக்க மட்டுமே தினமும் 29 லட்சம் யூனிட். 2014-க்கும் 2025-க்கும் நடுவில் மின் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது என்று வாரியம் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தப் பதினொரு வருடமும் நம் பில்லில் இருந்த ரேட் அப்படியேதான் இருந்தது.

வருடத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய் நஷ்டம் என்று துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். அந்த நஷ்டத்தை யாரோ ஏற்கத்தான் வேண்டும். அரசு ஏற்றால் அது கலபுரகியிலோ ராய்ச்சூரிலோ குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்ணின் வரிப்பணமும் சேர்ந்துதான். அவர்கள் காசில் நாம் பெங்களூரில் ஷவரில் குளிப்பதா? இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. யாரும் ஏற்காவிட்டால் பழைய குழாய் மாறாது, புதுத் தெருவுக்குக் குழாய் வராது, கழிவுநீர் நேராக ஏரியில் விழும்.

ஏறியது எவ்வளவு? வீடுகளுக்கு, மாதம் 8 ஆயிரம் லிட்டர் வரையிலான கீழ்ப்படியில் லிட்டருக்கு 0.15 பைசா, மாதம் 50 ஆயிரம் லிட்டருக்கு மேல் செலவழிக்கிற மேல்படியில் 1 பைசா. 8 ஆயிரம் லிட்டருக்குள் முடித்துக்கொள்கிற சின்னக் குடும்பத்துக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் கூடுவது 12 ரூபாய். பன்னிரண்டு ரூபாய்க்கு எங்கள் தெருக்கடையில் ஒரு டீ வாங்க முடியாது. இனிமேல் வருடாவருடம் ஏப்ரல் 1-ம் தேதி 3 சதவீதம் ஏறும் என்றும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இந்த 3 சதவீதம்தான். தேர்தல் வரும் போகும், எந்த மந்திரியும் தண்ணீர் விலையைத் தொட மாட்டார், கடைசியில் ஒருநாள் மொத்தமாக நம் தலையில் இறக்குவார்கள் என்கிற பழக்கம் இதனால் நின்றால் நல்லது.

டேங்கர் விலையை வைத்துப் பார்த்தால்தான் இந்த விலை எவ்வளவு குறைவு என்று தெரியும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 16 ஆயிரம் லிட்டர் தண்ணீர் தேவைப்படும், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்கிற வழக்கமான கணக்கு. பழைய ரேட்டில் அதற்கு 150 ரூபாய்கூட ஆகாது. 2024 மார்ச்சில், ஊரில் இருந்த ஏறக்குறைய 14 ஆயிரம் அரசு போர்வெல்களில் கிட்டத்தட்ட பாதி வற்றிப்போன நேரத்தில், டேங்கருக்கு அரசே விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 12 ஆயிரம் லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய். அந்த நிர்ணயித்த விலையிலேயே 16 ஆயிரம் லிட்டருக்கு 1,300 ரூபாய்க்கு மேல் போகிறது, ஒன்பது மடங்கு. நிர்ணயித்த விலைக்குக் கொடுத்தார்களா என்றால் அது வேறு கதை. என் தங்கை இருக்கும் அப்பார்ட்மென்டுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு டேங்கர்காரர் அந்த மாதம் போனையே எடுக்கவில்லை, எடுத்தபோது இரண்டு மடங்கு கேட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி வந்தால் பைப்பைப் பிடிக்க யார் இறங்குவது என்று அசோசியேஷனில் முறை போட்டுக்கொண்டார்கள். "அக்கா, உங்க தெருவுல தண்ணி பில் கூடிடுச்சுன்னு போராட்டம் பண்ணா சொல்லு, நான் வந்து எதிர்ப் போராட்டம் பண்றேன்" என்றாள். கோபத்தோடுதான் சொன்னாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. வர்த்தூர் மாதிரி 110 கிராமங்களை 2007-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வீட்டுவரி அன்றிலிருந்து மாநகராட்சி வரி. காவேரி ஐந்தாம் கட்டம் திறந்தது 2024 அக்டோபர் 16. நடுவில் பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடமும் பழைய பெங்களூரில் இருக்கிற நாங்கள் மலிவாகத் தண்ணீர் குடித்தோம், 2014-க்குப் பிறகும் ஆயிரம் லிட்டர் 7 ரூபாய்க்கும் 11 ரூபாய்க்கும்தான்; அவர்கள் 80, 100 என்று கொடுத்தார்கள். விலையை ஏற்றாமல் வைத்திருப்பது ஏழைகளுக்கு நல்லது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: விலை குறைவாக இருந்ததன் பலன் போனது குழாய் உள்ளவனுக்கு. குழாய் இல்லாதவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை, அவனுக்குக் குழாய் போடக் காசும் சேரவில்லை. ஐந்தாம் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கடன் கொடுத்தது, நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வருகிறது. கடனைத் திருப்ப வேண்டும், கூடுதல் தண்ணீரையும் அதே 500 மீட்டர் தூக்க வேண்டும். அதுவும் இனி நம் பில்லுக்குள் இருக்கும்.

இப்போது குறைகள். தூக்கிக் கொண்டுவந்த தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் கணக்கில் வராமல் போகிறது. கசிவு, திருட்டு, ஓடாத மீட்டர் எல்லாம் சேர்ந்தது. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட பாதியே போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்தால் இது முன்னேற்றம்தான், ஆனால் போதாது. மூன்று பம்ப் ஏறி வந்த தண்ணீர் நகரத்துக்குள் தெருவடியில் ஒழுகிப் போனால் அதோடு அதைத் தூக்கிய கரண்டும் போகிறது. கட்டணம் ஏற்றிய அதே கையோடு, எந்த வார்டில் எவ்வளவு ஒழுகுகிறது, இந்த வருடம் எவ்வளவு அடைத்தோம் என்று பில்லின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் ஜனங்கள் பாதிக் கோபம் அடங்கிக் கட்டுவார்கள். அது வராதவரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் கழிவுநீர். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பில்லைப் பார்த்தால் தண்ணீருக்கு ஒரு தொகை, சானிட்டரி என்று கழிவுநீருக்கு ஒரு தொகை இருக்கும். சாதாரண வீட்டுக்கு அது தண்ணீர்க் கட்டணத்தில் கால் பங்கு அளவில்தான் இருந்தது. நாம் வாங்கும் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் திரும்ப வெளியே போகிறது. போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் அதே சாக்கடைக்குள்தான் போகிறது. ஆக, ஜலமண்டலி கொடுக்கும் தண்ணீரோடு இதுவும் சேர்ந்து வெளியே வரும் ஊர் இது. அதைச் சுத்தம் செய்ய நாம் கொடுத்தது மாதம் ஒரு காபிக் காசு.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தமிழர்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூர் ஒரு மேட்டில் இருக்கிறது, தண்ணீர் இரண்டு பக்கமும் சரிந்து ஓடும். அல்சூர், இந்திராநகர், கோரமங்கலா பக்கத்துத் தண்ணீர் பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி என்று இறங்கி, தட்சிண பினாகினியில் சேர்கிறது. அதுதான் நம் தென்பெண்ணை. எல்லையைத் தாண்டியதும் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. மழைக்காலத்தில் அந்த அணையின் மதகைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை மேலே எழும்பி ரோட்டில் வந்து விழுவதைச் செய்தியில் எத்தனை முறை பார்த்திருப்போம். அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர் வரை அந்த ஆறு போகிறது. மேற்குப் பக்கம் ராஜாஜிநகர், விஜயநகர், கெங்கேரித் தண்ணீர் விருஷபாவதி ஆற்றில் இறங்கி, அர்க்காவதி ஆற்றில் சேர்ந்து, சங்கமம் என்கிற இடத்தில் காவேரியில் கலந்து, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு. பெங்களூரில் நீங்கள் எந்தப் பக்கம் ஃப்ளஷ் பண்ணினாலும் பெரும்பாலும் அது தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவேரித் தீர்ப்பில் கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி கூட்டிக் கொடுத்தது, அதில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு. தமிழ்நாட்டின் பங்கு 192-லிருந்து 177.25 ஆனது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவேரிப் படுகைக்குள் இருக்கிறது, அதனால் அந்தப் பங்குக்கு மட்டும்தான் குடிநீர் என்று நடுவர் மன்றம் முன்பு போட்ட கணக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே இருக்கிற என்னைப் போன்றவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், தஞ்சாவூரில் சொந்தக்காரர்கள் அதே தண்ணீருக்காக மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடிநீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எடுத்துக் குடித்த தண்ணீரைச் சுத்தமாகத் திருப்பிவிடுவது நம் கடமை. அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க மனசு வரவில்லை என்றால் கெலவரப்பள்ளி நுரையைப் பார்த்து வருத்தப்பட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஜலமண்டலி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சுத்திகரிப்பு நிலையங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரை 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஏரிகள் காய்ந்து கிடந்த ஊர்களில் தண்ணீர் நிற்கிறது. ஆனால் அது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு போகிற தண்ணீர், மூன்றாம் கட்டமும் செய்து அனுப்ப வேண்டும் என்று அங்குள்ள மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெல்லந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்தது. ஏரி தீப்பிடிக்கும் ஊர் என்று உலகம் பேசியது. கழிவுநீர்க் குழாய் போய்ச் சேராத லேஅவுட்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே வீட்டுச் சாக்கடை நேராக ராஜகால்வாய்க்குள், அதாவது மழைநீர் ஓட வேண்டிய பெரிய கால்வாய்க்குள், விழுகிறது. கூடுதலாக வாங்கும் பணத்தில் முதல் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். தண்ணீர் வராவிட்டால் மக்கள் குடத்தோடு ரோட்டில் உட்காருவார்கள், உடனே கவனிப்பார்கள். சாக்கடை சரியாகப் போகாவிட்டால் அதன் நாற்றம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறு மாநிலத்தில் அடிக்கும், அதற்காக இங்கே எந்தக் கவுன்சிலரும் ஓட்டு இழப்பதில்லை. அதனால்தான் 2 மார்க்.

டில்லியில் மாதம் 20 ஆயிரம் லிட்டர் வரை இலவசம், இங்கே ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. யமுனை பக்கத்திலேயே ஓடுகிற ஊருக்கும் 500 மீட்டர் தூக்குகிற ஊருக்கும் ஒரே கணக்கு போட முடியாது. அந்த யமுனை இன்று இருக்கும் நிலையையும் பார்க்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த விலை கட்டாயம் வேண்டும், கீழ்ப்படி அதற்குத்தான் இருக்கிறது. கடைக்கும் ஓட்டலுக்கும் ஆபீசுக்கும் பல மடங்கு வாங்குவதும் அதற்குத்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் ஒரே கட்டடத்தில் ஆறு எட்டு வீடு, ஒரே மீட்டர், ஓனர் வாங்குவது வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை என்கிற ஏற்பாட்டில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் கட்டணம் ஏறிய அடுத்த மாதமே ஓனர் வீட்டுக்கு 100 ரூபாய் கூட்டிவிட்டார். கேட்டால் "ஜலமண்டலி ஏத்திட்டாங்கமா, நான் என்ன பண்றது" என்றாராம். கூடியது உண்மையில் எவ்வளவு என்று பார்க்க பில் வேண்டும். மீட்டர் ரீடர் கையில் மெஷினோடு வந்து அடித்துக் கொடுக்கும் அந்தச் சீட்டில் ஆர்ஆர் நம்பர் (கனெக்‌ஷனின் அடையாள எண்) இருக்கும், போன மாத ரீடிங்கும் இந்த மாத ரீடிங்கும் இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஓனரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கட்டடத்தில் உள்ளவர்கள் சேர்ந்து கேளுங்கள்.

மீட்டரைப் பார்க்க முடிகிற இடத்தில் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். எண்கள் ஓடும் கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு நட்சத்திரச் சக்கரம் இருக்கும். வால்வ்மேன் தண்ணீர் விட்டிருக்கும் நேரத்தில், சம்ப் நிரம்பி மிதவை மூடிக்கொண்ட பிறகும், அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் மீட்டருக்கும் சம்புக்கும் நடுவில் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மிதவை சரியாக மூடவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டு முதலில் மிதவையைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதுதான், அது மலிவான வேலையும்கூட.